படத்தில் பெயரில்லாதவர் கோப்பில் இருக்கிறார்: கைபர் எல்லைப் புகைப்படங்களைப் படிக்கும் முறை

1879 மே மாதம் காண்டமக் முகாமில் ஜான் பர்க் எடுத்த படத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நடுவில் ஆப்கான் அமீர் யாகூப் கான். உடன் தளபதி தாவூத் ஷா, ஹபீபுல்லா முஸ்தௌஃபி, ஆங்கிலேயத் தரப்பில் கவக்னாரி, ஜென்கின்ஸ். ஐந்து பேரின் பெயரும் படக்குறிப்பில் உண்டு. அதே பர்க் அதே இரண்டாம் ஆங்கிலேய–ஆப்கான் போரில் கைபர் கணவாய்ப் பக்கம் எடுத்த மற்ற படங்களைப் புரட்டினால் குறிப்பு சுருங்கிவிடும்: ‘ஆஃப்ரிடிகள்’ (கைபர் பகுதிப் பழங்குடியினர்), ‘லால்புரா கானும் ஆட்களும், அரசியல் அதிகாரியுடன்’. லால்புரா கானுக்குப் பட்டம் மட்டும், அவருடைய ஆட்களுக்கு அதுவும் இல்லை.

அந்த ஆட்களின் பெயர் எங்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லையில் ஆங்கிலேய அரசு பணம் கொடுத்துத்தான் வழியைத் திறந்து வைத்திருந்தது. பணம் கொடுத்த இடத்தில் பெயர்ப்பட்டியல் இருக்கும். பழங்குடியின் எந்தக் கிளைக்கு எவ்வளவு, எந்த மாலிக் (கிளைத் தலைவர்) வாங்கினார், ஜிர்காவில் (தலைவர்கள் கூடும் சபையில்) யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் கோப்பில் பதிவானது. ஆகவே எல்லைப் புகைப்படத்தை ஆராய்பவரின் வேலையில் பாதி, படத்தை மூடிவைத்துவிட்டு அதற்குரிய கோப்பைத் தேடுவதுதான். அதற்குத் தேதியும் இடமும் வேண்டும். இரண்டும் படத்திலிருந்தே பெரும்பாலும் கிடைக்கும். படக்குறிப்பிலிருந்து கிடைப்பது அபூர்வம்.

படக்குறிப்பைக் கடைசியில் நம்புங்கள். குறிப்பு எழுதிய காலமும் படம் எடுத்த காலமும் ஒன்றல்ல. கவக்னாரிக்கு ‘சர்’ பட்டம் வந்தது 1879 ஜூலையில். காண்டமக் ஒப்பந்தம் மே 26-இல் கையெழுத்தாகிவிட்டது. அந்தப் படத்தின் கீழ் ‘மேஜர்’ என்று இருந்தால் குறிப்பு அப்போதைய வழக்கில் எழுதப்பட்டது. ‘சர் லூயி’ என்று இருந்தால் ஆல்பம் ஒட்டியவர் பிறகு எழுதியது. 1879 காபூல் படத்தில் ‘லார்டு ராபர்ட்ஸ்’ என்று கண்டால் இன்னும் தெளிவு, ஏனென்றால் அவர் லார்டு ஆனது 1892-இல். ‘வடமேற்கு எல்லைப்புற மாகாணம்’ என்ற சொல் குறிப்பில் வந்தால் அது 1901 நவம்பர் 9-க்குப் பின் எழுதியது. அந்த மாகாணமே அன்றுதான் பஞ்சாபிலிருந்து பிரிந்தது. குறிப்பு பிந்தியது என்பதால் தப்பாகிவிடாது. எழுதியவர் நினைவிலிருந்து எழுதினார் என்று மட்டும் எடுத்துக்கொண்டு மற்றச் சான்றுகளுக்குப் போக வேண்டும்.

அடுத்த சான்று, படம் செய்யப்பட்ட முறை. பர்க் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் தகடு. கண்ணாடியில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம். இருட்டுக் கூடாரம் பக்கத்தில் இல்லாமல் நடக்காது. இதனால்தான் அக்காலப் படங்களின் பார்வைக்கோணம் சாலையையும் முகாமையும் விட்டு அதிகம் விலகுவதில்லை. கேமரா நின்ற இடத்தைத் தேடும்போது மலையுச்சிகளை விட்டுவிட்டு, ஒட்டகமோ மாட்டுவண்டியோ போகக்கூடிய தடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒளிபட விடும் நேரம் நொடிக்கணக்கில் இருந்ததால் ஓடும் மனிதனைப் பிடிக்க முடியாது. 1878 நவம்பர் 21 அலி மஸ்ஜித் சண்டை என்ற பெயரில் கிடைக்கும் கொலோடியன் படம் எதுவானாலும், சண்டை ஓய்ந்த பிறகு எடுத்தது அல்லது ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்தது.

நிறத்தைப் பற்றிப் பலரும் ஏமாறுவார்கள். கொலோடியன் நீல ஒளிக்குத்தான் மசியும். சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும், வானம் வெறும் வெள்ளையாகும். சிவப்புச் சட்டைப் படைவீரர் கறுப்புச் சட்டைக்காரராகத் தெரிவார். வெளிர் தலைப்பாகையை வெள்ளைத் தலைப்பாகை என்று எழுதி, அதிலிருந்து இன்ன கிளை என்று முடிவு கட்டுவது பட்டியல் தயாரிப்பில் அடிக்கடி நடக்கும் பிழை. நீலத் தலைப்பாகையும் அப்படித்தான் விழும்.

அச்சுப் படம் கையில் இருந்தால் 30 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். ஆல்புமின் பிரிண்ட் என்றால், முட்டை வெண்கரு அடுக்கின் ஊடே காகித நார் தெரியும். வெள்ளைப் பகுதி மஞ்சளித்திருக்கும். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு ஓடும். 1890-கள் வரை இதுதான் அதிகம். நார் தெரியாமல் வழவழப்பாக இருந்தால் பாரைட்டா என்ற வெள்ளைப் பூச்சுள்ள ஜெலட்டின் அல்லது கொலோடியன் காகிதம், அநேகமாக 1890-க்குப் பிந்தியது. நிழல் பகுதியில் கண்ணாடிபோல் வெள்ளி மினுங்கினால் அது பெரும்பாலும் ஜெலட்டினைக் காட்டும். லூப்பில் சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, அச்சகத்தில் அடித்தது. பெஷாவர் அஞ்சலட்டைகளில் இந்த மூன்றாவது வகை நிறைய.

இங்கே ஒரு பொறி உண்டு. பிரிண்டின் வயது வேறு, நெகட்டிவின் வயது வேறு. பெஷாவரில் ஹோம்ஸ், மேலா ராம் போன்ற ஸ்டுடியோக்கள் நன்றாக விலைபோகும் கைபர் காட்சிகளைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றன. 1930-களின் காகிதத்தில் 1919-ஆம் ஆண்டுப் படம் இருக்கலாம். காகிதம் தருவது ‘இதற்குப் பின் அல்ல’ என்ற ஒரு எல்லையை மட்டுமே. மறுமுனையைப் படத்துக்குள் தேட வேண்டும்.

கைபரில் அதற்கு அடையாளங்கள் நிறைய. அட்டோக் அருகே சிந்து நதியில் படகுப் பாலம் மட்டும் தெரிந்தால் 1883 மே மாதத்துக்கு முந்தியது என்று கொள்ள இடமுண்டு. இரும்புப் பாலம் தெரிந்தால் பிந்தியது. ஜம்ருத்தைத் தாண்டி மேலே தண்டவாளம் கண்ணில் பட்டால் 1920-க்கு முன் இருக்க வழியில்லை. கைபர் ரயில்பாதை வேலை அந்த ஆண்டில்தான் தொடங்கியது. லண்டி கோத்தல் வரை வண்டி ஓடியது 1925 நவம்பர் 4 முதல். 34 சுரங்கங்களில் ஏதாவது ஒன்றின் வாய் தெரிந்தால், தெரிவது எந்தப் பக்கம் என்று பார்த்துக் கேமரா நின்ற இடத்தையும் சொல்லிவிடலாம். லண்டி கோத்தல் கோட்டையை 1897 ஆகஸ்டில் ஆஃப்ரிடிகள் பிடித்து எரித்தார்கள், ஆகவே அதன் சுவரும் வாசலும் முன்பின் படங்களில் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பெஷாவர் நகரப் படத்தில் மணிக்கூண்டு இருந்தால் 1900-ஐ ஒட்டியோ பின்னரோ எடுத்தது. ஜம்ருத்தில் சாலைக்குக் குறுக்கே பெரிய கல் வளைவு தெரிந்து, கீழே ‘ஆங்கிலேயர் காலம்’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். பாப்-இ-கைபர் 1960-களில் கட்டியது.

ஆட்களும் தேதி சொல்வார்கள். பழங்குடியினரைக் கொண்டு திரட்டிய துணைப்படையான கைபர் ரைஃபிள்ஸ் 1919-இல் கலைக்கப்பட்டு 1946-இல்தான் மறுபடி திரட்டப்பட்டது. 1925 ரயில் திறப்பு விழாப் படத்தில் துப்பாக்கியோடு நிற்கும் பழங்குடியினரைக் ‘கைபர் ரைஃபிள்ஸ் வீரர்கள்’ என்று எழுதினால் தவறு. அவர்கள் கஸ்ஸாதார்கள். சொந்த உடை, சொந்தத் துப்பாக்கி, அரசுச் சம்பளம். சீருடை இல்லாததே இங்கே சான்று.

தேதி ஏறத்தாழக் கிடைத்ததும், எந்த ஊரின் அலமாரிக்குப் போவது என்ற கேள்வி வருகிறது. இதில்தான் மாதக்கணக்கில் நேரம் வீணாகும். 1901 நவம்பருக்கு முன் பெஷாவர், கோஹாட், பன்னு மாவட்டங்கள் பஞ்சாப் அரசின் கீழ் இருந்தன. ஆகவே மாகாண அளவிலான கோப்பு லாகூரில், அனார்கலி கல்லறைக் கட்டடத்துக்குள் இயங்கும் பஞ்சாப் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1901-க்குப் பிந்தியது பெஷாவர் ஆவணக் காப்பகத்தில். இந்திய அரசு அளவிலான கோப்பு டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில். லண்டனுக்கு அனுப்பிய பிரதி பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில். ஒரே சம்பவத்துக்கு நான்கு ஊர்களில் நான்கு காகிதங்கள் இருக்கலாம், நான்கிலும் இருப்பது ஒன்றல்ல. இந்திய அரசின் வெளியுறவுத் துறை முக்கியமானவற்றை ‘ஏ’ நடவடிக்கைகளாக (மாதவாரிப் பதிவுத் தொகுப்பாக) அச்சிட்டது. அச்சுப் பிரதி லண்டனுக்குப் போனது. அதிகாரிகள் ஒருவருக்கொருவர் கையால் எழுதிக்கொண்ட குறிப்புகள் ‘கே.டபிள்யூ.’ (‘கீப் வித்’, அதாவது கோப்போடு சேர்த்து வை) என்ற முத்திரையோடு பெரும்பாலும் டெல்லியிலேயே தங்கிவிட்டன. லண்டன் பிரதியில் முடிவு இருக்கும். முடிவுக்கு முந்தைய சண்டையைப் பார்க்க டெல்லிக்குத்தான் போக வேண்டும். மாலிக்குகளைப் பற்றிய வெளிப்படையான, பல நேரம் எரிச்சலூட்டும் அபிப்பிராயங்களும் அந்தக் குறிப்புகளில்தான் கிடைக்கும்.

துறையின் பெயரை ஆண்டுக்கு ஏற்ப மாற்றித் தேட வேண்டும். முதல் உலகப் போர் தொடங்கும் காலம் வரை ‘வெளியுறவுத் துறை’, அதன் பின் 1937 வரை ‘வெளியுறவு மற்றும் அரசியல் துறை’, பிறகு ‘வெளிவிவகாரத் துறை’. 1880-களிலிருந்து எல்லை விவகாரங்களுக்கு ‘சீக்ரெட் எஃப்’ என்ற கிளை. அந்த ‘எஃப்’ எல்லைப்புறத்தைக் குறிக்கும் எழுத்து. லண்டனில் அரசியல், ரகசியத் துறை ஆவணங்களின் குறி எல்/பி.எஸ். அதில் 7 என்பது 1911 வரையிலான கடிதங்கள், 10 என்பது 1902 முதலான கோப்புகள், 11 என்பது 1912 முதலானவை, 12 என்பது 1931 முதலானவை. இந்த நான்கு எண்கள் மனதில் இருந்தால் தேடல் பட்டியலில் பாதியைத் தள்ளிவிடலாம்.

புதிதாக வருபவர்கள் தவறவிடும் இன்னொன்று: நடவடிக்கைகளின் மேலிருக்கும் மாதம், அது பதிவான மாதம். சம்பவம் நடந்த மாதம் அதற்கு முந்தியதாக இருக்கும். பிப்ரவரியில் ஜிர்கா நடந்திருந்தால் பிப்ரவரித் தொகுப்பில் தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பாதீர்கள். அதற்கு அடுத்து வரும் ஆறு மாதத் தொகுப்புகளையும் பாருங்கள். ஆண்டுக் குறியீட்டுத் தொகுதியை (இண்டெக்ஸை) முதலில் வாங்குங்கள். கோப்பை அதன் பிறகு கேளுங்கள். டெல்லிக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் ஏராளமான கோப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அங்கே தேடுவது கோப்பின் தலைப்பை மட்டுமே, உள்ளே இருக்கும் பெயர்களை அல்ல. ஒரு மாலிக்கின் பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்பதால் அவர் இல்லை என்றாகாது.

எழுத்துக்கூட்டல் தனித் தொல்லை. பெஷாவர் என்ற பெயரின் ஆங்கில வடிவம் பழைய கோப்புகளில் ‘ஏ.ஆர்.’ என்றும் ‘யூ.ஆர்.’ என்றும் முடியும். ஜம்ருத்தில் ‘யூ’வுக்குப் பதில் இரட்டை ‘ஓ’ வரும். மஸ்ஜித் ‘முஸ்ஜித்’ ஆகும். லண்டி ‘லுண்டி’ ஆகும். ஒவ்வொரு ஊருக்கும் நான்கைந்து வடிவங்களை ஒரு தாளில் எழுதிவைத்து எல்லாவற்றையும் தட்ட வேண்டும். குழுப்பெயரிலும் இதே கதை. ‘ஆஃப்ரிடி’ என்று தேடினால் ஆயிரம் கோப்புகள் வரும். குக்கி கேல், ஜக்கா கேல், மாலிக்தீன் கேல், கம்பர் கேல், கம்ராய், சிபா, அகா கேல், ஆதம் கேல் என்று எட்டுக் கிளைகள். குறியீட்டில் பெயர் கிளையின் எழுத்தில்தான் நிற்கும். இடத்தை வைத்துக் கிளையை ஊகிக்கலாம், ஜம்ருத் பக்கம் என்றால் குக்கி கேலில் ஆரம்பிக்கலாம். அதை ஊகமென்றே எழுதிக்கொள்ளுங்கள்.

வரைபடத் தாளைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம். இந்திய நில அளவைத் துறையின் 38-ஆம் எண் தொகுதி கிழக்கு 68 முதல் 72 பாகை, வடக்கு 32 முதல் 36 பாகை. அதை ஒரு பாகைச் சதுரங்களாக்கி மேலிருந்து கீழாக, மேற்கிலிருந்து கிழக்காக ‘ஏ’ (A) முதல் ‘பி’ (P) வரை பதினாறு எழுத்துகள். ஒவ்வொரு சதுரத்தையும் அதே வரிசையில் 15 கலைத் துண்டுகளாக்கி (ஒரு பாகைக்கு 60 கலை) 1 முதல் 16. லண்டி கோத்தல் கிழக்கு 71 பாகை 9 கலை, வடக்கு 34 பாகை 6 கலை. ஆகவே ‘38 என்’ (38 N), 4-ஆம் தாள். மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவிலான பழைய பதிப்பை எடுத்து, படத்திலுள்ள முகடுகளின் வரிசையை உயரக்கோடுகளோடு பொருத்துங்கள். கூகுள் எர்த்தில் பார்வை உயரத்தை மனிதன் நிற்கும் அளவுக்கு இறக்கினால் முகடு பொருந்துவது இன்னும் நன்றாகத் தெரியும். மரமும் வீடும் மாறும், முகடு மாறாது. முகடு பொருந்தாமல் கண்ணாடி பிம்பம்போல் தோன்றினால், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். சட்டைப் பொத்தான், வாள் தொங்கும் பக்கம் இரண்டையும் பார்த்து உறுதி செய்யலாம்.

இப்போது பெயருக்கு வரலாம். 1881 பிப்ரவரியில் கைபர் ஆஃப்ரிடிகளோடு செய்த உடன்பாடுபோல ஒவ்வொரு உடன்பாட்டின் முடிவிலும் கிளைவாரியாக மாலிக்குகளின் முத்திரையும் பெயரும் இருக்கும். எய்ட்சிசன் தொகுத்த ஒப்பந்தத் தொகுதிகளில், 1930-களின் தொடக்கத்தில் முடிந்த கடைசிப் பதிப்பில், 11-ஆம் தொகுதியில் எல்லைப்புற மாகாணமும் 13-இல் ஆப்கானிஸ்தானும் வருகின்றன. அங்கே ஒரு பட்டியல், அரசியல் அதிகாரியின் நாட்குறிப்பில் ஒரு பட்டியல், உதவித்தொகைப் பதிவில் ஒரு பட்டியல். மூன்றையும் வரிசையாக வைத்து, படத்திலுள்ள தலைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். தேதி, இடம், எண்ணிக்கை மூன்றும் ஒத்துவந்தால் ‘இக்குழுவில் இருக்கக்கூடியவர்கள்’ என்று பெயர்களைச் சேர்க்கலாம். இடமிருந்து வலமாக இன்னார் என்று சொல்ல, பெயர் எழுதிய வேறொரு பிரதி தேவை. அது இல்லாமல் தாடி நீளத்தை வைத்து முகத்துக்குப் பெயர் ஒட்டியவர்களால் இணையத்தில் பரவிய பிழைகளைக் களைவது இனிமேல் நடக்காத காரியம்.

எல்லா எல்லைப் படமும் படையெடுப்புப் படமல்ல. 1896-இல் ஸ்வாத் பகுதியில் லோரியான் தங்காய் என்ற இடத்தில் அலெக்சாண்டர் கேடி எடுத்த படத்தில் காந்தாரச் சிலைகள் வெளியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சிலைகள் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. எந்தச் சிலை அந்த இடத்தைச் சேர்ந்தது என்று நிறுவ, உடைந்த மூக்கையும் பீடத்தின் விளிம்பையும் படத்தோடு ஒப்பிடுவதைத் தவிர இன்று சுலபமான வழி இல்லை. அங்கே சிலைகளைவிட அந்தப் படமே பெரிய ஆவணம் என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

மூலப்பொருளைக் கையாள்வது பற்றிச் சுருக்கமாக. ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் அட்டை முதல் அட்டை வரை பக்க வரிசையைப் படம்பிடியுங்கள், ஏனென்றால் எதற்கு அடுத்து எது ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் சான்றுதான். புகைப்படத்துக்கு நைட்ரைல் கையுறை, வெறும் காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை. கண்ணாடித் தகடுகள் நீண்ட விளிம்பில் செங்குத்தாக நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தகடு எடை தாங்காமல் உடையும்; ஏற்கெனவே உடைந்தது மட்டும் படுக்கையாக. ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதுதான் பெரிய விபத்து. கொலோடியன் தகட்டின் மேல் பூசிய வார்னிஷ் ஆல்கஹாலில் கரையும், கூடவே படமும் வழிந்துவிடும். பூச்சு ஒழுங்கில்லாமல், விரலால் பிடித்த மூலை மட்டும் வெற்றுக் கண்ணாடியாக, பாலாடை நிறத்தில் இருந்தால் அது கொலோடியன். பூச்சு சீராகவும் கருமையாகவும் இருந்தால் ஜெலட்டின் உலர்தகடு. எதுவாயினும் பூச்சுள்ள பக்கத்தை மென்மையான ஊதுகுழலால் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூச்சி உருண்டை வேண்டாம். வெள்ளிமீன் பூச்சிக்கு முட்டை வெண்கருவும் மாவுப் பசையும் விருந்து. பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே மருந்து.

ஸ்கேன் 16 பிட் டிஃப் கோப்பாக. 8×10 அங்குலப் பிரிண்டை 600 பிபிஐ-யில் எடுத்தால் 4800×6000 புள்ளிகள், வண்ணத்தில் 173 எம்பி வரும். மஞ்சளித்த ஆல்புமினைக் கறுப்பு வெள்ளையாக எடுத்து இடத்தைச் சேமிக்காதீர்கள், மஞ்சளும் சான்று. பின்புறத்தையும் எடுங்கள், காலியாக இருந்தாலும். நெகட்டிவ் மூலையில் கீறிய எண் கத்தரிபடாமல் ஓரம் விட்டு எடுப்பது முக்கியம்: ஒரே புகைப்படக்காரரின் தேதியறிந்த படம் ஒன்றுக்கு அந்த எண் பக்கத்தில் இருந்தால், அதுவே பல நேரம் தேதியைத் தந்துவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளிலும் இந்த எல்லையின் படங்கள் இருக்கின்றன. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர் எல்லைப் போர்களில் சாலையும் பாலமும் போட்டவர்கள். வஜிரிஸ்தானின் ரஸ்மாக் முகாமிலோ லண்டி கோத்தலிலோ எடுத்த குழுப்படம் ஒன்று பீரோவில் கிடக்கலாம். படத்தில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. கூடவே பதக்கம் இருந்தால் ரிப்பன் மேல் உள்ள பட்டையைப் படியுங்கள். 1908-ஆம் ஆண்டு இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்தில் ‘வஜிரிஸ்தான் 1921–24’, ‘மொஹ்மந்த் 1933’ என்று போரும் ஆண்டும் பொறித்திருக்கும்; ‘வடமேற்கு எல்லைப்புறம் 1936–37’, ‘1937–39’ பட்டைகள் அடுத்த பதக்கமான 1936-ஆம் ஆண்டுப் பதக்கத்தில் வரும். விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் படைவீரரின் எண், பெயர், படைப்பிரிவு. பதக்கத்தைப் பாலிஷ் போடாதீர்கள், தேய்ந்துபோவது அந்த விளிம்பு எழுத்துதான். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல், பதக்க எண்ணையும் ஆண்டையும் 2பி பென்சிலால் ஓரத்தில் லேசாகக் குறித்துவையுங்கள்.